சான்றிதழாக்கப்பட்ட பாடல்

மத நல்லிணக்கம் பற்றிப் பேசப்படும் மேடைகளில் ஒரு திரைப்பாடல் தவறாது நினைவுகூரப்படுவதை நாம் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். 1952இல் வெளிவந்த 'பைஜு பாவ்ரா' என்னும் இந்தித் திரைப்படத்தில் மால்கௌன்ஸ் ராகத்தில் அமைந்த பஜன் அது. எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத் அலி, பாடியவர் முஹம்மது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். பேச்சாளர் இம்மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக உச்சரித்துச் சற்றே நிறுத்துவார். அவை கைதட்டும். உடனே அவர் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவார். பாடல் எத்தகையது, அது ஏன் எழுபது ஆண்டுகள் கடந்தும் கேட்கப்படுகிறது என்பது பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை.

இக்கைதட்டல் நமக்கு எப்போதும் ஒரு சங்கடத்தைத் தருகிறது. பேச்சாளரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் இந்தித் திரையிசையின் பொற்காலம் என்று வழங்கப்படும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் ஆக்கங்களை இவ்வாறு பெயர்ப் பட்டியலாகச் சுருக்கிக்கொள்வதில் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஒன்று இசைக்கு நேர்வது. மற்றொன்று வரலாற்றுக்கு நேர்வது. முதலாவதை எளிதில் சொல்லிவிடலாம். இரண்டாவதே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

மால்கௌன்ஸ் ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம். தென்னாட்டார் இதனை ஹிந்தோளமாக அறிவர். ரிஷபமும் பஞ்சமமும் இதில் இல்லை. பஞ்சமம் இல்லாத ராகத்தில் நடுவே சாய்ந்துகொள்ளப் பழக்கமான தூண் இல்லை. குரல் மத்திமத்தையே பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். நள்ளிரவு கடந்த பொழுதுக்கு உரியதாக மரபு வகுத்த இந்த ராகத்தின் கனமும் தனிமையும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன என்பது நம் எண்ணம். நௌஷாத் இதனை அறிந்தே தேர்ந்தார். படத்தில் நோயுற்று எழ இயலாதிருக்கும் குரு ஹரிதாஸர் பைஜுவின் பாடலைக் கேட்டு எழுந்து நடக்கிறார். இத்தகைய அற்புதக் காட்சிக்கு ஆரவாரமான இசையைப் பெய்து நிரப்புவதே திரைக்கு இயல்பு. ஆனால் பாடல் தாளமின்றி, இறைநாமத்தை நீட்டி அழைக்கும் ஒற்றைக் குரலில் தொடங்குகிறது. ராகத்தின் முகம் முழுவதும் அந்த முதல் சில நொடிகளிலேயே காட்டப்பட்டுவிடுகிறது. அதன்பின் தாளம் நுழையும்போது கேட்பவர் ஏற்கெனவே அவ்விடத்தில் இருக்கிறார். அவரை இழுத்துவர வேண்டியதில்லை. ரஃபியின் குரல் மேல் ஷட்ஜத்தை எட்டும் இடங்களிலும் கூச்சலாக மாறுவதில்லை. கெஞ்சுபவனின் குரல் உயரலாம், அதட்டலாகாது என்னும் ஒழுங்கு அங்கே காக்கப்படுகிறது. நம் மொழியில் இதனை அதப் என்போம்.

பெயர்களை எண்ணிக் கைதட்டுவோர் இந்த அதபைக் கேட்பதில்லை. 'முஸ்லிம்களாக இருந்தும்' என்னும் சொற்றொடர் அவர்தம் வியப்பின் அடியில் கிடக்கிறது. அந்த 'இருந்தும்' என்பதை நாம் சற்று ஆராய வேண்டும்.

ஹிந்துஸ்தானி இசையின் வரலாற்றை ஓரளவு அறிந்தவர்க்கு இதில் வியப்புக்கே இடமில்லை. துருபதும் கயாலும் பாடிய உஸ்தாதுகளின் பரம்பரைகள் பல தலைமுறைகளாகப் பிரஜ் மொழிச் சாகித்தியங்களையே பாடிவந்தன. அவற்றில் கண்ணனும் ராதையும் யமுனைக் கரையும் வண்ணப்பொடியும் நிறைந்துள்ளன. ஆக்ரா கரானாவின் ஃபையாஸ் கான், கிரானா கரானாவின் அப்துல் கரீம் கான், பாட்டியாலாவின் படே குலாம் அலீ கான் ஆகியோர் இவற்றைப் பாடியபோது தாம் மதங்களுக்கு இடையே பாலம் அமைப்பதாக எண்ணியிருப்பார்கள் என்று நாம் கருதவில்லை. தொழுகையை நிறைவேற்றிவிட்டு வந்து அமர்ந்து, தம் ஆசான் கற்பித்ததைப் பிசகின்றிப் பாடினர். அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 'பைஜு பாவ்ரா'வுக்கே நௌஷாத் உஸ்தாத் அமீர் கானையும் பண்டித டி. வி. பலுஸ்கரையும் அழைத்து வந்து தேசீ ராகத்தில் இணைந்து பாட வைத்தார். தான்ஸேனும் பைஜுவும் மோதும் போட்டிக் காட்சிக்குரிய பாடல் அது. தான்ஸேனுக்காக ஓர் உஸ்தாதும் பைஜுவுக்காக ஒரு பண்டிதரும் பாடினர். கேட்பவர் செவிக்கோ ஒரே பள்ளியில் பயின்ற இருவர் உரையாடுவதாகவே படுகிறது.

ஆகவே மேற்கண்ட பஜன் விதிவிலக்கன்று, விதி. அதனை அதிசயமாகக் கொண்டாடும்போது, அது இயல்பாக இருந்த ஒரு நீண்ட காலத்தை நாமே இல்லையென்று ஆக்கிவிடுகிறோம். வரலாற்றுக்கு நேரும் இழப்பு என்று நாம் சொன்னது இதுவே.

நம் இலக்கியத்திலும் இதற்கு இணை உண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடப் புகுந்து, தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையும் ஆறும் வயலும் கொண்ட வளநாடாக அதனைப் புனைந்தார். காப்பியம் என்றால் நாட்டுப் படலம் இருக்க வேண்டும். அது அவர் கற்ற கலையின் நெறி. அதனைச் 'சலுகை' என்றோ 'நல்லிணக்கச் செயல்' என்றோ பெயரிடுவது அப்புலவரைச் சிறுமைப்படுத்துவதாகவே முடியும்.

நௌஷாத் 1919இல் லக்னோவில் பிறந்தவர். தந்தையார் நீதிமன்ற எழுத்தர். இசையைக் கடுமையாக வெறுத்தவர். இசைக் கருவிகள் விற்கும் கடையில் வேலை செய்தும், ஊமைப்பட அரங்குகளில் வாசிக்கப்படும் இசையைக் கேட்டும் வளர்ந்த அம்மகன் 1937இல் பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டார். 1944இல் 'ரத்தன்' படப் பாடல்கள் நாடெங்கும் பரவியபின் நடந்த தம் திருமணத்தில், மாப்பிள்ளை தையற்காரர் என்றே பெண் வீட்டாரிடம் சொல்லப்பட்டிருந்ததையும், ஊர்வல வாத்தியக் குழுவினர் அவருடைய பாடல்களையே வாசித்ததையும் அவர் பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்ததுண்டு. நகைச்சுவைதான். ஆயினும் அதனுள் ஒரு வலி இருக்கிறது. ஒரு கண்ணியமான முஸ்லிம் குடும்பத்தில் இசையமைப்பாளர் என்பதைவிடத் தையற்காரர் என்பது மதிப்புக்குரியதாக இருந்தது. பிற்காலத்தில் நம் சமூகம் 'நம்மவர்' என்று பெருமையோடு எண்ணிக்கொள்ளும் அதே மனிதர் இவர்தாம். 1981ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தபோது நாமும் மகிழ்ந்தோம். அவர் வாழ்நாள் முழுதும் சுமந்த அந்த இரட்டை நிலை பற்றி நாம் பேசவில்லை.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்புகளை இங்கு விவாதிக்க நாம் முற்படவில்லை. இப்னுல் ஜௌஸீ (ரஹ்) ஒரு திசையில் நின்றார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஸமாஃ குறித்து ஒரு தனி நூலையே அமைத்து, நிபந்தனைகளோடு இடமளித்தார். ஆனால் கஸ்ஸாலி அங்கே ஜுனைதுல் பக்தாதியின் (ரஹ்) கூற்றாகத் தரும் ஓர் அளவுகோல் நம் பொருளுக்கு மிகவும் பயன்படுகிறது. ஸமாஃவுக்கு மூன்று வேண்டும்: உரிய காலம், உரிய இடம், உரிய தோழர்கள். இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பொற்காலத்தின் மற்றொரு புகழ்பெற்ற ஆக்கத்தை அணுகுவோம்.

1960இல் பி. எல். சந்தோஷியின் இயக்கத்தில் 'பர்ஸாத் கீ ராத்' வெளிவந்தது. ரோஷன் இசையமைத்தார், ஸாஹிர் லுதியான்வி பாடல்கள் எழுதினார். அதன் இறுதியில் வரும் நீண்ட கவ்வாலி இந்தித் திரையின் கவ்வாலிகளுள் தலையாயது என்பதில் இசையறிந்தோரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மன்னா டே, ரஃபி, ஆஷா போஸ்லே, சுதா மல்ஹோத்ரா, எஸ். டி. பாதிஷ் ஆகியோர் பாடியுள்ளனர். ரோஷன், அதாவது ரோஷன் லால் நாக்ரத், 1917இல் குஜ்ரன்வாலாவில் பிறந்த பஞ்சாபி இந்து. லக்னோவின் மாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்றவர். தில்லி வானொலியில் பணியாற்றியவர். கவ்வாலி என்றால் ரோஷன் என்று சொல்லும் அளவுக்கு அவ்வடிவம் அவர் கையில் வசப்பட்டது. நௌஷாதை வளர்த்த நகரமே அவருக்கும் பயிற்சி அளித்தது என்பது தற்செயல் அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

இப்போது நாம் ஒன்று கேட்கலாம். ஓர் இந்து, சூஃபிகளின் இசைவடிவத்தில் உச்சம் தொட்டார் என்று எந்த மேடையிலாவது ரோஷனின் பெயர் சொல்லப்பட்டு அவை கைதட்டியதுண்டா? நாம் கேட்டதில்லை. அவர் இசையமைப்பாளர், கவ்வாலி அமைத்தார், நன்றாக அமைத்தார். அவ்வளவே. அதுவே சரியான பார்வையுமாகும். அப்பார்வை நௌஷாதுக்கும் ஷகீலுக்கும் ரஃபிக்கும் மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது? ஒருவரின் கலை கலையாகவே நிற்கிறது. மற்றவர்களின் கலை நாட்டுப்பற்றுக்கும் நன்னடத்தைக்கும் சான்றிதழாக மாற்றப்படுகிறது. இன்றைய சூழலில் அத்தகைய சான்றுகள் தேவைப்படுகின்றனவே என்று சிலர் கூறக்கூடும். அவர்களின் கவலை நமக்குப் புரியாததன்று. ஆனால் சான்றிதழை நீட்டுபவர், அதனைக் கேட்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டுவிடுகிறார். நம்மவரே முந்திக்கொண்டு அதனை நீட்டும்போது நமக்கு ஏற்படும் வருத்தம் இன்னும் அதிகம்.

கவ்வாலிக்குத் திரும்புவோம். தர்காவின் மஹ்ஃபிலில் கவ்வாலி ஒரு வரிசைப்படி நிகழ்வது. இறைபுகழ், நபிபுகழ், பின்னர் வலிமார்களின் புகழ் என்று செல்லும். பாடுவோர் கேட்போரின் நிலையைக் கவனித்து, ஒருவர் உள்ளத்தைத் தொட்ட சொற்றொடரை மீண்டும் மீண்டும் பாடி அவரை அந்நிலையிலேயே நிறுத்துவர். நடுவே வேறு கவிஞரின் அடியை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பர். இதற்கு கிரஹ் என்று பெயர். இவ்வடிவம் திரைக்கு வந்தபோது போட்டியாக மாறியது. ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம். கேள்வி, பதில், வெற்றி, தோல்வி. ஜுனைதின் மூன்று நிபந்தனைகளில் ஒன்றேனும் அங்கே இல்லை. இழப்பு உண்மையானது. இதனை மறைத்துத் திரைக் கவ்வாலியைச் சூஃபி மரபின் தொடர்ச்சி என்று புகழ்வோருடன் நாம் உடன்பட மாட்டோம்.

ஆயினும் ரோஷன் செய்தது என்ன? காட்சி போட்டிதான். ஆனால் அவர் வடிவத்தின் எலும்பைக் காத்தார். ஃபதேஹ் அலீ கான், முபாரக் அலீ கான் ஆகியோரின் கவ்வாலி ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு இது அமைந்தது என்பது பலரும் குறிப்பிடுவது. கைத்தட்டின் நடை, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவரும் முறை, ஒரே சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் பொருளை வேறாக்கும் உத்தி ஆகியவை அவ்வழி வந்தவை. ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்கள். அக்காலத்து இசைத்தட்டு ஒன்றின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்தைத் தாண்டாது என்பதை நினைத்தால் இத்துணிவு விளங்கும். கிரஹும் இருக்கிறது. பஞ்சாபி நடையில் சென்றுகொண்டிருக்கும் பாடல், அமீர் குஸ்ரோவோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய பூர்பி மொழிச் சொற்றொடர் ஒன்றின் வழியாகத் தண்ணீர்த் துறைக்கு இறங்கி, கண்ணனின் குழலையும் ராதையையும் மீராவையும் தொடுகிறது. இவ்விறக்கம் ஒட்டுப்போட்டதாகத் தோன்றுவதே இல்லை. ராகமும் நடையும் இடம் மாறும்போது கேட்பவரின் மூச்சு மட்டும் மாறுகிறது.

ஸாஹிரின் சொற்களில் நமக்கு ஒரு முரண்பாடு உண்டு. காதலே குர்ஆன், காதலே ஹதீஸ் என்னும் பொருள்பட அவர் எழுதிச் செல்லும் பகுதி நமக்கு உவப்பானதன்று. சூஃபிக் கவிஞர்கள் இஷ்க் என்று சொல்லும்போது அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு தவவாழ்வு நின்றது. இறைநம்பிக்கை அற்றவரென்று தம்மை வெளிப்படையாகக் கூறிக்கொண்ட ஸாஹிரிடம் அது ஓர் அழகிய சொல்லாட்சியாக நின்றுவிடுகிறது. ஆனால் இங்கும் அவசரத் தீர்ப்பு கூடாது. அதே ஸாஹிர் அடுத்த ஆண்டு 'ஹம் தோனோ' படத்துக்கு ஜெய்தேவின் இசையில் எழுதிய பிரார்த்தனையை லதா மங்கேஷ்கர் பாடக் கேட்டவர்கள், அதனை நம்பாதவர் எழுதினார் என்று கூறத் தயங்குவர். போர்முனைக்குச் சென்றோரின் பெண்கள் கூடி நின்று வேண்டும் காட்சி அது. வேண்டுபவரின் நிலையை நேர்மையாக எண்ணிப் பார்த்து எழுதினார், அது போதுமாயிற்று. மாறாக, 1959இன் 'தூல் கா ஃபூல்' படத்தில் என். தத்தா இசையமைக்க அவர் எழுதிய புகழ்பெற்ற பாடல், கைவிடப்பட்ட குழந்தையை நோக்கி நீ இந்துவுமல்லன் முஸ்லிமுமல்லன் என்னும் கருத்தை நேராகவே சொல்கிறது. கருத்து உயர்ந்தது, ரஃபி உருக்கமாகவே பாடினார். இருந்தும் ஓர் அறிக்கையைக் கேட்ட நிறைவே எஞ்சுகிறது. மால்கௌன்ஸ் பஜன் எதையும் அறிவிக்கவில்லை. அதனால்தான் அது இன்றும் கேட்கப்படுகிறது எனலாம்.

மேடைகளில் எவரும் குறிப்பிடாத ஒரு பாடலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். கே. ஆஸிஃபின் 'முகலே ஆஸம்' 1960 ஆகஸ்டு 5இல் வெளிவந்தது. மறு ஆண்டு 'அக்பர்' என்னும் பெயரில் தமிழிலும் வந்தது. அதன் இசையும் நௌஷாத், பாடல்களும் ஷகீல். படே குலாம் அலீ கானின் குரலும், அரசவையில் கண்ணன் பிறப்பு விழாவின் நடனப் பாடலும், ரஃபியோடு நூறு குரல்கள் இணையும் கோஷமும் அதில் உண்டு. இத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவே, விலங்கு பூட்டப்பட்டுச் சிறையில் கிடக்கும் அனார்கலி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விளித்து முறையிடும் நஃத் ஒன்று வருகிறது. லதாவின் தனிக்குரல். தாளமில்லாத விளியாகத் தொடங்கிப் பின்னரே நடைக்கு வருகிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் பஜனுக்குச் செய்த அதே தொடக்கம்.

நபியவர்களை விளித்து உதவி கோருவது பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவற்றை நாம் அறிவோம். ஆனால் தமிழ் முனாஜாத்துகளைச் செவியில் கொண்டு வளர்ந்த எவருக்கும் இக்குரல் அந்நியமாக இராது. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்த 1950களில் இலங்கை வானொலியின் இந்திச் சேவையே இப்பாடல்களுக்குப் புகலிடமாயிற்று. அப்பழக்கம் பின்னரும் நீடித்தது. உருதின் ஒரு சொல்லும் அறியாத நம் வீட்டுப் பெண்கள், இந்த நஃத் ஒலிக்கையில் வேலையை நிறுத்திவிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டதை நாம் கண்டிருக்கிறோம்.

லதாவின் தொடக்க நாள்களில் அவருடைய உச்சரிப்பில் மராட்டி வாடை வீசுவதாகத் திலீப் குமார் கூற, அவர் ஒரு மௌலவியை அமர்த்தி உருது கற்றுக்கொண்டார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். ஓதும் பள்ளியில் மக்ரஜ் பயின்ற நம் செவி, இப்பாடலில் ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்திலிருந்து பிறப்பதை உணரும். ரஃபி பிரஜ் மொழிக்குக் காட்டிய மரியாதையை லதா உருதுக்குக் காட்டினார்.

இந்த நஃதுக்கு நௌஷாத் தேர்ந்த ராகம் கேதார். இரு மத்திமங்கள் உடையது. நம் ஹமீர் கல்யாணிக்கு நெருக்கமானது. வைணவ பக்தர்களிடம் இந்த ராகத்துக்குத் தனி இடமுண்டு. குஜராத்தின் நரசி மேத்தா வறுமையால் கேதாரைத்தான் அடகு வைத்துக் கடன் பெற்றார் என்றும், கண்ணனே வந்து மீட்கும்வரை அதனைப் பாடாதிருந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதே கேதாரில் மதீனாவை நோக்கி ஒரு முறையீட்டை லக்னோவின் எழுத்தர் மகன் அமைத்தார், ஷகீல் எழுதினார், தீனாநாத் மங்கேஷ்கரின் மகள் பாடினார். படம் வெளிவந்த நாளில் எவரும் இதனை ஒரு செய்தியாகக் கருதியதாகத் தெரியவில்லை. விலங்கின் எடையால் குனிந்திருக்கும் ஒருத்தியின் வேண்டுதலுக்கு எந்தச் சுரங்கள் வேண்டும் என்பது ஒன்றே அன்று அங்கே இருந்த கேள்வி.